சர்வரை நிறுத்தியும் க்ரெடிட் குறைகிறது: கிளவுட் தேர்வுக்கு மலிவாகப் பழக என்ன வழி?

பீனிக்ஸ் மாணவி, டர்பன், தென்னாப்பிரிக்கா:

எல்லாருக்கும் வணக்கம். பகலில் கடை வேலை, இரவில் ஏ.டபிள்யூ.எஸ். (அமேசானின் கிளவுட் சேவை) சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வுக்குப் படிப்பு. புதுக் கணக்குக்குக் கிடைத்த 100 டாலர் க்ரெடிட்டை வைத்துத்தான் பயிற்சி செய்கிறேன். பாடத்தில் சொன்னபடி ஒரு விபிசி (எனக்கென ஒரு தனி நெட்வொர்க்), அதற்குள் இணையத்தோடு நேராகப் பேசும் பொது சப்நெட் ஒன்று, அப்படிப் பேசாத தனி சப்நெட் ஒன்று, ஒரு சின்ன சர்வர். படித்து முடித்ததும் சர்வரை நிறுத்திவிடுகிறேன். ஆனாலும் தினமும் ஒரு டாலருக்கு மேல் குறைந்துகொண்டே போகிறது. எது இழுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

என் சர்வர் இருக்கும் ரீஜன் (டேட்டா சென்டர் வட்டாரம்) வர்ஜீனியா. பக்கத்தில் இருக்கும் கேப் டவுனுக்கு மாற்றினால் செலவு குறையுமா? தேர்வுக் கட்டணத்துக்கே ராண்டைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், பயிற்சிக்குத் தனியாகக் கட்ட முடியாது.

கேப் டவுன் அண்ணன்:

தங்கச்சி, தனி சப்நெட் என்று படித்ததுமே எனக்கு நாட் கேட்வே மேல்தான் சந்தேகம். உள்ளே இருக்கும் சர்வர் வெளியே போய் அப்டேட் எடுப்பதற்காக அதை வைக்கச் சொல்லியிருப்பார்கள். சர்வர் நின்றாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். வர்ஜீனியாவில் மணிக்கு 0.045 டாலர், நாளுக்கு 1.08. அதோடு ஒட்டியிருக்கும் பொது ஐபி முகவரிக்கு மணிக்கு 0.005. 2024 பிப்ரவரியிலிருந்து, பயன்பாட்டில் இருந்தாலும் சும்மா கிடந்தாலும், பொது ஐபிவி4 முகவரிக்கு இந்தக் கட்டணம் உண்டு. இரண்டும் சேர்ந்து நாளுக்கு 1.20, மாதத்துக்கு 36 டாலர். உங்கள் கணக்கோடு பொருந்துகிறதா?

உறுதி செய்துகொள்ள, பில்லிங் பகுதியில் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'யூசேஜ் டைப்' வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 'சர்வீஸ்' வாரியாகப் பார்த்தால் நாட் கேட்வே தன் பெயரில் வராது, 'இசி2 அதர்' (இசி2 என்பது சர்வர் சேவை) என்ற தலைப்புக்குள் போய்விடும். பலர் கண்ணில் படாமல் போவது இதனால்தான்.

அழிக்கும்போது வரிசையைக் கவனியுங்கள். முதலில் நாட் கேட்வேயை அழியுங்கள், அது போக சில நிமிடம் ஆகும். அப்புறம் எலாஸ்டிக் ஐபியை (அதோடு ஒட்டியிருந்த பொது ஐபி முகவரியை) விடுவியுங்கள். கேட்வே போனாலும் ஐபி உங்கள் பெயரிலேயே இருக்கும், கட்டணமும் தொடரும். நிறுத்திய சர்வரின் டிஸ்க்குக்கும் காசு உண்டு, ஆனால் 8 ஜிபி டிஸ்க்குக்கு மாதம் 64 சென்ட்தான்.

கேப் டவுனுக்கு மாற வேண்டாம். 2020-இல் திறந்த அந்த ரீஜனைக் கணக்கில் தனியாக இயக்க வேண்டும், விலையும் வர்ஜீனியாவைவிடக் கூடுதல். சொந்த ஊர்ப் பாசம் எனக்கும் உண்டு. 2006-இல் உலகத்துக்கு வந்த இசி2-வையே அமேசான் பொறியாளர் கிறிஸ் பிங்க்ஹாமின் குழு இங்கே கேப் டவுனில் உட்கார்ந்துதான் உருவாக்கியது! ஆனால் பயிற்சிக்கு அந்தப் பாசம் தேவையில்லை.

பீனிக்ஸ் மாணவி:

அதேதான் அண்ணா! நாட் கேட்வே மணிக்கணக்கு அப்படியே வரிசையாக இருந்தது. அழித்துவிட்டேன், ஐபியும் போயிற்று. மிக்க நன்றி.

இன்னொரு சந்தேகம். கேட்வே இல்லாமல் தனி சப்நெட்டில் எப்படிப் பழகுவது? தேர்வில் அதிலிருந்து கேள்வி நிறைய வருமே. அப்புறம், லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) ஓய்ந்துவிட்டாலும் எங்கள் பக்கம் கேபிள் பழுதால் அடிக்கடி கரண்ட் போகிறது. பயிற்சியின் நடுவில் போனால் அழிக்கக்கூட முடிவதில்லை.

சாட்ஸ்வொர்த் அக்கா:

கேட்வேயைக் கைவிட வேண்டாம் கண்ணு, நேரத்தைச் சுருக்கினால் போதும். உருவாக்கு, ரூட் டேபிளில் (எது எந்த வழியில் போக வேண்டும் என்ற பட்டியலில்) சேர், உள்ளே இருக்கும் சர்வரிலிருந்து வெளியே போகிறதா என்று பார், வழியை எடுத்துவிட்டு எப்படி உடைகிறது என்றும் பார். ஒரு மணி நேரத்துக்குள் அழித்துவிட்டால் ஐந்து சென்ட்தான். தேர்வு கேட்பது இந்தப் புரிதலைத்தான்.

தனி சப்நெட் சர்வருக்குள் நுழைய மட்டும் என்றால் இசி2 இன்ஸ்டன்ஸ் கனெக்ட் எண்ட்பாயிண்ட் இருக்கிறது. அதற்கு எனத் தனிக் கட்டணம் இல்லை, பொது ஐபியும் வேண்டாம். எஸ்3-க்கு (கோப்புச் சேமிப்புச் சேவை) போக கேட்வே வகை எண்ட்பாயிண்டும் இலவசம். இன்டர்ஃபேஸ் வகை எண்ட்பாயிண்டுக்கு மணிக்கணக்கில் காசு உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. விபிசி, சப்நெட், செக்யூரிட்டி குரூப், ஐஏஎம் (யாருக்கு எந்த அனுமதி என்று தீர்மானிக்கும் சேவை) எதற்கும் கட்டணமே கிடையாது. தேர்வில் பலர் தடுமாறுவது ஐஏஎம் பாலிசியில்தான். அங்கே எத்தனை இரவு வேண்டுமானாலும் செலவிடலாம், ஒரு சென்ட் போகாது.

கரண்ட் போவதுதான் எனக்கும் பெரிய கவலை. இங்கே திரை அணைந்தாலும் அங்கே மீட்டர் ஓடும். அதனால் கன்சோலில் கையால் எதையும் கட்டாதே. எல்லாவற்றையும் ஒரு கிளவுட்ஃபார்மேஷன் ஸ்டாக்காக (ஒரே கோப்பில் எழுதி மொத்தமாக உருவாக்கும் தொகுப்பாக) எழுது. ஸ்டாக்கை அழித்தால் உள்ளே இருப்பதெல்லாம் போகும். பொருள் இருக்கும் எஸ்3 பக்கெட் மட்டும் அழியாமல் முரண்டுபிடிக்கும், அதை முதலில் காலி செய். தொடங்கும்போதே இவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரில் ஒரே ஒரு முறை ஓடும் அட்டவணை போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து அந்த ஸ்டாக்கை அழிக்கச் சொல்லிவிடு. லாம்டாகூட (குட்டி நிரல்களை ஓட்டும் சேவை) வேண்டாம், ஷெட்யூலரே நேரடியாக ஏபிஐ-யை (சேவைக்குக் கட்டளை அனுப்பும் வழியை) அழைக்கும். அதற்கு ஒரு ஐஏஎம் ரோல் எழுத வேண்டும், அதுவும் பாடம்தான். பட்ஜெட் அலர்ட்டை மட்டும் நம்பாதே. பில் கணக்கு நாளில் சில முறைதான் புதுப்பிக்கப்படும், எச்சரிக்கை மணிக்கணக்கில் தாமதமாகத்தான் வரும். ஆனாலும் ஒரு பட்ஜெட் போட்டு வை. கூடுதல் க்ரெடிட் தரும் ஐந்து வேலைகளில் அது ஒன்று, முடித்தால் 20 டாலர் சேரும்.

ஜோபர்க் தம்பி:

டாக்கரும் கைண்டும் போட்டால் லேப்டாப்பிலேயே குபர்நெட்டிஸ் (கன்டெய்னர்களை, அதாவது பொட்டலமாகக் கட்டிய நிரல்களை, நிர்வகிக்கும் மென்பொருள்) பழகலாம், டேட்டா தவிரச் செலவே இல்லை. எதற்கு இத்தனை கவலை?

கேப் டவுன் அண்ணன்:

கன்டெய்னர் படிக்க அது அருமையான வழிதான் தம்பி. ஆனால் அவர் எழுதப்போவது ஏ.டபிள்யூ.எஸ். தேர்வு. லேப்டாப்பில் அனுமதி மறுக்கப்படாது, ரூட் டேபிள் தவறாது. அந்தத் தவறுகளை உண்மையான கணக்கில் பார்த்தே ஆக வேண்டும். லினக்ஸ், நெட்வொர்க் அடிப்படையை மட்டும் லேப்டாப்பில் முடித்துவிட்டு வரலாம். டேட்டா குறைவாக இருந்தால் கிளவுட்ஷெல் நல்லது. பிரவுசருக்குள்ளேயே கட்டளை எழுதலாம், இலவசம், 1 ஜிபி இடமும் உண்டு, எதையும் தரவிறக்க வேண்டாம்.

தங்கச்சி, உங்களுடையது ஃப்ரீ பிளான் கணக்கு என்றால் க்ரெடிட் தீர்ந்ததும் அல்லது ஆறு மாதத்தில் கணக்கு மூடப்படும், கார்டில் காசு போகாது. அதனால் பயமில்லாமல் பழகுங்கள். பாடத்தில் ஆர்கனைசேஷன்ஸ் (பல கணக்குகளை ஒன்றாக நிர்வகிக்கும் சேவை) வரும்போது மட்டும் அதை இந்தக் கணக்கில் இயக்காதீர்கள், கட்டணத் திட்டத்துக்கு மாறிவிடும்.

பீனிக்ஸ் மாணவி:

ஸ்டாக் எழுதத் தொடங்கிவிட்டேன் அக்கா. தேர்வுக் கட்டணம் 150 டாலர், அதுதான் மலைப்பாக இருக்கிறது. அடுத்த பாடம் ஆர்டிஎஸ் (தரவுத்தளச் சேவை). அதைப் படித்து முடித்ததும் நிறுத்தி வைத்தால் போதுமா?

சாட்ஸ்வொர்த் அக்கா:

முதலில் 100 டாலர் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வை எழுதினால், தேறியதும் அடுத்த தேர்வுக்குப் பாதி விலைச் சலுகை கிடைக்கும். 150 என்பது 75 ஆகிவிடும். 25 டாலர் கூடுதலாகப் போகும், ஆனால் இரண்டு சான்றிதழ். பணத்தையும் இரண்டு தவணையாகச் சேர்க்கலாம். வரி தனி.

ஆர்டிஎஸ்ஸை நிறுத்தி வைக்காதே. 7 நாளில் அது தானாகவே மறுபடி ஓடத் தொடங்கும். தேவைப்பட்டால் ஸ்னாப்ஷாட் (தரவின் நகல்) எடுத்துக்கொண்டு அழித்துவிடு. பயிற்சித் தரவு என்றால் ஸ்னாப்ஷாட்கூட வேண்டாம், ஸ்டாக்கிலிருந்து மறுபடி எழுப்பிக்கொள்ளலாம். ஸ்டாக்கில் டெலீஷன் பாலிசியை 'டெலீட்' என்று நீயே எழுதிவிடு, இல்லாவிட்டால் அழிக்கும்போது ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளும்.