66 வயதானால் அண்ணனின் உதவிப்பணம் நின்றுவிடுமா?

கல்லடி அக்கா: அண்ணன் லண்டனில். பேக்கரி வேலையில் முதுகு போய், 9 வருடமாக ஈ.எஸ்.ஏ. (நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான உதவிப்பணம்), பிப் (நீண்டகால நோய், ஊனத்தால் வரும் கூடுதல் செலவுக்கான உதவிப்பணம்) இரண்டிலும்தான் சீவியம். 1960 பெப்ரவரியில் பிறந்தவர். 66 ஆனதும் எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள் என்று போனில் ஒரே புலம்பல். கல்லடிக்கே வந்துவிடலாமா என்றும் கேட்கிறார்.

ஆரையம்பதி தம்பி: பயப்படாதீங்க அக்கா. ஈ.எஸ்.ஏ. நிற்கும், அதற்குப் பதில் அரச ஓய்வூதியம். பிப் ஏற்கெனவே எடுப்பவருக்குத் தொடரும். ஆனால் ஓய்வூதியம் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். என் மாமா விண்ணப்பிக்கச் சொல்லி வந்த கடிதத்தைப் பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டார்!

கல்லடி அக்கா: முழுத்தொகைக்கு 35 வருடத் தேசியக் காப்புறுதிப் பதிவு (சம்பளத்திலிருந்து அரசுக்குக் கட்டும் பங்களிப்பின் கணக்கு) வேண்டுமாமே? அவர் போனதே 1994இல்.

ஆரையம்பதி தம்பி: குறைந்தால் தொகையும் குறையும், அவ்வளவுதான். 10 வருடமாவது இருக்க வேண்டும். ஈ.எஸ்.ஏ. எடுத்த வருடங்களுக்கும் வரவு வைப்பார்கள்.

களுவாஞ்சிக்குடி ஐயா: மகள், ஊருக்கு வருவதை நன்றாக யோசிக்கச் சொல்லுங்கள். ஓய்வூதியம் இலங்கைக்கும் வரும், ஆனால் வருடாந்த உயர்வு கிடையாது. நிரந்தரமாக வந்தால் பிப்பும் போய்விடும். சும்மா வந்து போவதென்றால் 13 வாரத்துக்குள் திரும்பட்டும்.

கல்லடி அக்கா: சரி ஐயா, கண்ணகி அம்மன் சடங்குக்கு மட்டும் வரச் சொல்கிறேன்.