150 ரூபாய் சந்தன ரோஜா அத்தர்ல சந்தனம் இருக்கா?

மஞ்சக்குப்பத்தான்:
பாண்டி நேரு வீதி பக்கம் ஒரு கடையில சந்தன ரோஜா அத்தர் 12 மில்லி 150 ரூபாய்க்கு வாங்கினேன், "கன்னோஜ் சரக்கு, ஒரிஜினல்"னு சொல்லித்தான் குடுத்தாங்க (கன்னோஜ்னா அத்தருக்குப் பேர்போன உ.பி. ஊர்). வாசனை நல்லாதான் இருக்கு. ஆனா ஒரிஜினல்னு சொல்றது பச்சைப் பொய். சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாய்க்கு மேல போகுது, சும்மா லட்சம்னே வச்சுக்கிட்டாலும் கிராம் 100 ரூபாய். 12 மில்லிங்கறது எடையில ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அப்போ வெறும் சந்தனமே ஆயிரத்து நூறு தாண்டிடுது, இதுல ரோஜா, விறகு, கூலி எதையும் சேர்க்கல. இப்படி விக்கிறத நிறுத்தணும்.

பரங்கிப்பேட்டை பாய்:
தம்பி, உங்க கணக்கு சரி, முடிவுதான் தப்பு. ஜும்மாவுக்குப் போறவன் சட்டையில ஒரு துளி தடவிக்கிறான், அவனுக்கு ஆல்கஹால் இல்லாம மணமா இருந்தா போதும். கூலி வேலை செய்றவங்க பெருநாளைக்கு ஆயிரம் ரூபாய்க்கு அத்தர் வாங்குவாங்களா? 150 ரூபாய் சரக்க நிறுத்தினா அவங்களுக்கு அத்தரே கிடையாது. எங்க ஊர்ல இதத்தான் எல்லாரும் அத்தர்னு சொல்றோம்.

லாஸ்பேட்டை ரம்யா:
பாய், மலிவா விக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லல. ஆனா சந்தனம்னு பேர் போட்டா உள்ள சந்தனம் இருக்கணும்ல. நிஜமான சந்தன ரோஜா அத்தர்ல சந்தனம் மேல தெளிக்கிற வாசனை இல்ல, அதுதான் அஸ்திவாரம். கன்னோஜ்ல செய்ற முறைய பாருங்க, "டேக்"னு ஒரு செப்பு அண்டா, அதுல ரோஜா இதழும் தண்ணியும் போட்டு களிமண்ணால வாய பூசி அடைச்சு விறகுல எரிக்கிறாங்க, ஆவி மூங்கில் குழாய் வழியா "பப்கா"ங்கற செப்புக் குடத்துக்குப் போகுது, குடம் தண்ணித் தொட்டியில முங்கி இருக்கும், உள்ள முன்னாடியே சந்தன எண்ணெய் ஊத்தி வச்சிருப்பாங்க. ஆவி குளுந்து எண்ணெயில இறங்குது. அடியில தங்குற தண்ணிய வடிச்சு, மறுபடி அண்டாவுல புது பூவோட ஊத்துறாங்க. ரோஜாவோட வாசனையில பெரிய பங்கு தண்ணியில கரையுற சரக்கு, அதனாலதான் அந்த தண்ணிய கொட்டுறதில்ல. நாம கல்யாணத்துல பன்னீர்ச் செம்புல தெளிக்கிறோமே, அந்த மணம் அது. இத நாள் கணக்கா திருப்பித் திருப்பி செஞ்சாதான் சந்தனம் ரோஜாவ முழுசா குடிக்கும். சந்தனம் லேசுல ஆவியாகாது, அதனால ரோஜாவையும் தோல்ல பிடிச்சு வைக்குது. பாரஃபின்ங்கற மலிவான பெட்ரோலிய எண்ணெயில சென்ட்ட கலந்துட்டு இதே பேர வைக்கிறது இத்தனை வேலை செய்றவங்களுக்கு பண்ற அநியாயம்.

குறிஞ்சிப்பாடி விவசாயி:
நான் பாய் பக்கம், காரணம் வேற. சந்தன மரம் பக்கத்து மரத்தோட வேர்ல ஒட்டி சத்து எடுத்து வளர்றது, வைரம் பாயவே பல வருஷம் ஆகும், நல்ல எண்ணெய்க்கு இன்னும் அதிகம். ஜவ்வாது மலை, சத்தியமங்கலம் பக்கம் எவ்ளோ வெட்டினாங்கன்னு நமக்குத் தெரியாதா. உலக அளவுல அழியக்கூடிய நிலைப் பட்டியல்ல 1998லயே சேர்த்துட்டாங்க. நம்ம சொந்த நிலத்துல வச்சாலும் வெட்ட வனத்துறை அனுமதி வேணும். எல்லாரும் ஒரிஜினல் கேட்டா காட்டுக்குத்தான் கோடாலி போகும். சந்தனத்த விட்டுட்டு வேற எண்ணெய்ல செய்யட்டும்.

மஞ்சக்குப்பத்தான்:
அண்ணே, அப்போ "இது சந்தனம் இல்ல"ன்னு எழுதி விக்கட்டும், நானும் கைதட்டுறேன். பொய்ப் பேர்ல விக்கிறதால எந்த மரம் பிழைச்சுது? தோட்டச் சந்தனம் வருது, ஆஸ்திரேலியாவுல குனுனுரா பக்கம் நம்ம இந்தியச் சந்தனத்தையே தோட்டமா வளர்த்து எண்ணெய் எடுக்குறாங்க. நம்ம விவசாயி நட்ட மரத்துக்கு விலை கிடைக்கணும்னா ஒரிஜினலுக்கும் டூப்ளிகேட்டுக்கும் வித்தியாசம் தெரியணுமே.

பரங்கிப்பேட்டை பாய்:
எழுதச் சொல்றது ஈஸி. சின்ன பாட்டில்ல எத எழுதுவான்? கடைக்காரனுக்கே மொத்த வியாபாரி சொன்ன பேர்தான் தெரியும்.

லாஸ்பேட்டை ரம்யா:
"பேஸ்: பாரஃபின்" ரெண்டே வார்த்தை, பாய். அது தோலுக்கும் வேணும். அத்தர்ல டிஓபின்னு ஒரு பிளாஸ்டிக் மென்மையாக்குற ரசாயனத்தையும் பேஸா ஊத்துறாங்க, ஐரோப்பாவுல அத அழகு சாதனப் பொருள்ல போடவே தடை. காதோரம் தினமும் தடவுற ஆளுக்கு அது தெரிய வேணாமா? மலிவு சரக்கு வாங்குறவங்களுக்குத்தான் இந்த விவரம் ரொம்ப அவசியம், அவங்கதான் டெய்லி போடுறாங்க.

பரங்கிப்பேட்டை பாய்:
டிஓபி விஷயத்துல உங்க பக்கம் வர்றேன், அது வேணாம். ஆனா பாரஃபின் அத்தர டூப்ளிகேட்னு கூப்பிடாதீங்க. அது ஏழையோட அத்தர், "ரோஜா அத்தர்"னு மட்டும் பேர் இருக்கட்டும், சந்தனங்கற வார்த்தைய எடுத்துடலாம்.

மஞ்சக்குப்பத்தான்:
அதத்தான் பாய் முதல்லேர்ந்து கேக்குறேன். ஆனா "ரோஜா"ன்னு போட்டாலும் உள்ள ரோஜா இருக்கணும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூணு டன்னுக்கு மேல பூ வேணும், 150 ரூபாய்க்கு அதுவும் வராது. "ரோஜா வாசனை எண்ணெய்"னு போடச் சொல்லுங்க, நானே வாங்குறேன்.