காம்பரா: எங்கிருந்து வந்த சொல்?

மஸ்கெலியாக்காரி:
மகள் தரம் 6. கட்டுரையில் "எங்கள் லயத்தில் எட்டுக் காம்பரா" என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டி, மேலே "அறை", ஓரத்தில் "கொச்சை" என்று எழுதிவிட்டார். பிள்ளையின் முகம் வாடிப்போனது. லயம் என்றால் இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு. எங்களுக்குக் காம்பரா வெறும் அறை இல்லை. முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), உள்ளே பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதற்குள் தாத்தாவின் கட்டிலும் கைக்குழந்தையின் தொட்டிலும். ஒரு குடும்பத்தின் மொத்த வீடு. "ஏழாம் காம்பரா" என்றால் அதுதான் விலாசம். இந்தச் சொல் எப்படி வந்தது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதுளை வாத்தியார்:
தங்கச்சி, வேர் லத்தீன். அங்கே காமெரா என்றால் வளைந்த கூரை, அப்படிக் கூரை போட்ட அறை. லத்தீனுக்கு அது கிரேக்கத்தில் இருந்து வந்தது. போர்த்துக்கேயத்தில் காமரா ஆனது. சிங்களத்தில் காமரய, இந்தியில் கம்ரா, நம் காம்பரா எல்லாம் அந்த வழிதான்.

ஹட்டன் தம்பி:
சேர், தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் சொன்ன "சேம்பர்"தான் காம்பரா ஆனது என்கிறார்களே? படம் பிடிக்கும் கேமராவும் இதுதானா?

பதுளை வாத்தியார்:
சேம்பருக்கும் தாய் அதே லத்தீன்தான் தம்பி, ஆனால் அது வேறு கிளை. லத்தீனின் "க" பழைய பிரெஞ்சில் "ச்ச" என்று திரிந்து, அப்புறம் ஆங்கிலத்தில் சேம்பர் ஆனது. இன்றைய பிரெஞ்சில் அது ஷாம்ப்ர். போர்த்துக்கேயத்தில் "க" அப்படியே நின்றது, நம்மிடமும் நிற்கிறது. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்து 1658 வரை இருந்தார்கள். துரைமாரின் கோப்பித் தோட்டங்கள் அதற்கு வெகு காலம் பின்னால். நம் முன்னோர் வந்த தென்னிந்தியாவிலும் தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் போர்த்துக்கேயர் இருந்தார்கள்.

கேமரா, ஆமாம், அதே சொல். "காமெரா ஒப்ஸ்கூரா" என்றால் இருட்டறை. சுவரில் சின்னத் துளை போட்டால் வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். அந்த அறை பெட்டியாகச் சிறுத்தபோது பெயரும் சுருங்கியது. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: ஸ்பானியத்தில் ஒரே அறையில் தங்குகிறவன் "கமராதா". பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் காம்ரேட் ஆனது. தொழிற்சங்கக் கூட்டங்களில் தோழர் என்கிறோமே, அது. ஒரு காம்பராவில் பத்துப் பேராக வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

நானுஓயா அக்கா:
தங்கச்சி, அதே கட்டுரையில் ஜன்னல், மேசை, அலுமாரி இருந்தால் அவற்றையும் அந்த ஆசிரியர் வெட்டினாரா என்று பாருங்கள். மூன்றும் போர்த்துக்கேயம் வழியாக வந்த லத்தீன்தான். சமையலறைக்குச் சொல்லும் குசினியும் அப்படியே. பட்டணத்து வீட்டில் இருந்தால் தமிழ், லயத்தில் இருந்தால் கொச்சையா? "அறை" நல்ல சொல், பிள்ளை அதையும் படிக்கட்டும். காம்பராவை வெட்ட வேண்டாம் என்று போய்ச் சொல்லுங்கள்.