ஹோல்ட் ஆஃப், ஹோல்ட் அப், ஹோல்ட் ஆன் டு: எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வது?

பெரியமேடு_பாலா:
வணக்கம். பெரியமேட்டில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். இங்கிலாந்து பையர் அனுப்பிய மூன்று மெயில்களில் ஒரே 'ஹோல்ட்' மூன்று விதமாக வருகிறது.

'ப்ளீஸ் ஹோல்ட் ஆஃப் ஆன் ஷிப்பிங் அன்டில் வீ அப்ரூவ் தி சாம்பிள்ஸ்.'
'தி கன்டெய்னர் வாஸ் ஹெல்ட் அப் அட் ஃபீலிக்ஸ்டோ.'
'ப்ளீஸ் ஹோல்ட் ஆன் டு தி ஒரிஜினல்ஸ்.'

ஹோல்ட் தெரியும், ஆஃப், அப், ஆன் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். சேர்ந்தால் பொருள் எங்கோ போய்விடுகிறது. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தும் மெயிலில் வரும்போது கைகொடுப்பதில்லை. தவறாகப் புரிந்துகொண்டு சரக்கை ஏற்றிவிட்டால் பணம் போகும். வேறு வழி உண்டா?

மாம்பலம்_வாசகி:
பாலா, முதலில் அவசரத்துக்குச் சொல்லிவிடுகிறேன். சாம்பிளை அவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை சரக்கை அனுப்பாதீர்கள். அங்கே போன கன்டெய்னர் ஃபீலிக்ஸ்டோ என்கிற இங்கிலாந்துத் துறைமுகத்தில் சிக்கித் தாமதமாகியிருக்கிறது. ஒரிஜினல் டாக்குமென்ட் உங்களிடமே இருக்கட்டும், யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்வது என் வேலை. நாள் முழுக்க இந்தச் சின்னச் சொற்களோடுதான் இருக்கிறேன். தமிழிலும் இது நடக்கிறது, நாம் கவனிப்பதில்லை. 'சொல்' ஒன்றை வைத்துக்கொண்டு சொல்லிவிடு, சொல்லிக்கொடு, சொல்லிவை, சொல்லிக்காட்டு என்று போகிறோம். சொல்லிக்காட்டுவதில் 'காட்டு' எதற்கு என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. 'செய்த உதவியைச் சொல்லிக்காட்டுகிறாள்' என்று வீட்டில் யாரோ புலம்பியது முழு வாக்கியமாகக் காதில் விழுந்திருக்கும், அவ்வளவுதான். நாம் பின்னால் ஒரு வினையை ஒட்டுகிறோம், அவர்கள் ஆஃப், அப் என்று ஒட்டுகிறார்கள். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டவரை மிகவும் சிரமப்படுத்துவது இந்தச் சேர்க்கைதான் என்று எழுதியிருக்கிறார். ஆகவே இதை உங்கள் குறையாக நினைக்காதீர்கள்.

பொருளை மட்டும் நோட்டில் எழுதாதீர்கள். முன்னும் பின்னும் என்ன வருகிறது என்பதோடு எழுதுங்கள். ஹெல்ட் அப் பெரும்பாலும் தாமதத்தோடு வரும்: கஸ்டம்ஸ், மழை, டிராஃபிக். 'ஐ வாஸ் ஹெல்ட் அப் அட் கிண்டி.' ஹோல்ட் ஆஃப் ஆன் என்றால் அடுத்து ஷிப்பிங், பேயிங், சைனிங் என்று 'இங்' வரும். ஹோல்ட் ஆன் டுவில் 'டு'வை விட்டுவிட்டால் போனில் 'கொஞ்சம் இருங்கள்' என்று ஆகிவிடும்.

கோபில்ட் அகராதி கிடைத்தால் வாங்குங்கள். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்விலிருந்து 1987இல் வந்தது. ஆசிரியர்களே கட்டிய உதாரணங்களாக இல்லாமல், மக்கள் உண்மையில் எழுதிய, பேசிய வாக்கியங்களாக இருக்கும். பழைய பதிப்பே போதும்.

வேளச்சேரி_ரவி:
மேடம் சொன்னதோடு ஒன்று. 'இட்' போட்டுப் பாருங்கள். 'கால் ஆஃப் தி மீட்டிங்' சரி, ஆனால் 'இட்' வந்தால் 'கால் இட் ஆஃப்'தான், 'கால் ஆஃப் இட்' வராது. 'லுக் ஆஃப்டர்' அப்படியில்லை, 'லுக் ஆஃப்டர் இட்' என்றே நிற்கும். சேர்க்கையை எழுதி வைக்கும்போது 'இட்' எங்கே உட்காரும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுவேன்.

பெரியமேடு_பாலா:
ரொம்ப நன்றி மேடம், நன்றி ரவி சார். இன்னொரு சந்தேகம். மெயில் முடிவில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர்' என்று எழுதலாமா? 'டு'வுக்குப் பிறகு 'ஹியர்'தான் வரும் என்கிறார்கள் ஆபீசில்.

மாம்பலம்_வாசகி:
'ஹியரிங்'தான். அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்துகிறது இல்லையா? பொருந்தினால் 'இங்' வரும். 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங்' என்றால் ஓட்டிப் பழகிவிட்டது. 'ஐ யூஸ்ட் டு டிரைவ்' என்றால் முன்பு ஓட்டிக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை. ஒரு 'ஆம்' செய்கிற வேலை!

அப்புறம், உங்கள் தொழிலில் 'பை ஃப்ரைடே', 'அன்டில் ஃப்ரைடே' இரண்டையும் கவனமாகப் பாருங்கள். முன்னது வெள்ளிக்குள், பின்னது வெள்ளி வரை. முதல் மெயிலுக்கு இப்படிப் பதில் போட்டால் போதும்: 'வீ வில் ஹோல்ட் ஆஃப் ஆன் ஷிப்பிங் அன்டில் வீ ஹியர் ஃப்ரம் யூ.'