எல்லையில் ஓடும் வீதி யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும்?

படலையடி எழுதியது:

கடந்த ஆண்டின் முற்பாதியை ரொறன்ரோவில் மகளுடைய வீட்டில் கழித்தேன். வீடு ஸ்காபரோவின் வடகோடியில், ஸ்டீல்ஸ் வீதிக்கு ஐந்து நிமிட நடையில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து போய்வருகிறவர்கள் பலருக்கும் பழகிய வீதிதான். மார்க்கம் வீதியும் ஸ்டீல்ஸும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி மரக்கறி வாங்குவதிலிருந்து நகை வாங்குவது வரை தமிழிலேயே அலுவல் பார்த்து முடிக்கலாம். ஆனால் நான் எழுத வந்தது கடைகளைப் பற்றி அல்ல. அந்த வீதிதான் ரொறன்ரோ மாநகரத்தின் வட எல்லை. தென்பக்கத்து வீட்டுக்காரர் ரொறன்ரோவுக்கு ஆதனவரி கட்டுகிறார். வடபக்கத்துக் கடைக்காரர் மார்க்கம் நகருக்கு, யங் வீதிக்கு மேற்கே என்றால் வோன் நகருக்குக் கட்டுகிறார். அப்படி இருந்தும் எல்லை நெடுகிலும் வீதி ரொறன்ரோவின் பொறுப்பிலேயே இருக்கிறது என்று மருமகன் சொன்னபோது நான் உடனே நம்பவில்லை. பிறகு ஒரு பெப்ரவரிக் காலையில் பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது கண்ணால் பார்த்தேன்: பனி தள்ளும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே போயின, சற்று நேரத்தில் மறுபக்கத்தால் மேற்கே திரும்பி வந்தன. தென்பாதி கறுப்பாகத் தெரிய வடபாதி மட்டும் வெள்ளையாகக் கிடந்த ஒரு நாளை அந்த ஆறு மாதத்தில் நான் காணவில்லை.

இனி நான் குடியிருக்கும் வீதிக்கு வருகிறேன். அது யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரண்டு உள்ளூராட்சிச் சபைகளுக்கு நடுவே எல்லையாக ஓடுகிறது. யாரையும் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அல்ல என்பதால் பெயர்களைத் தவிர்க்கிறேன். எங்கள் பக்கத்துச் சபை கட்டிய வெள்ளவாய்க்கால் எங்கள் மதில்களை ஒட்டி வந்து, வீதி வளையும் இடத்தில் எல்லைக்கோடு மாறுவதால், ஒரு சீமெந்துச் சுவரோடு முடிந்துவிடுகிறது. கார்த்திகை மழையில் வாய்க்கால் நிரம்பி, அந்தச் சுவரை மேவி, வீதியைக் கடந்து, எதிர்வீட்டுப் படலைக்குள் இறங்குகிறது. எதிர்வீட்டு அம்மா தன் சபைக்கு எழுதினார். தண்ணீர் வருவது மற்றச் சபையின் வாய்க்காலால் என்று பதில் வந்தது. நான் என் சபைக்கு எழுதினேன். பாதிக்கப்பட்ட காணி தங்கள் எல்லைக்குள் இல்லை என்று பதில் வந்தது. இப்படியே மூன்று மாரி போய்விட்டது.

ஆகவே என் கருத்து இதுதான்: எல்லை வீதி எதுவாயினும், மதில் முதல் மதில் வரை, ஒரே சபையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஐயா, உங்கள் வீதியின் துன்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஸ்டீல்ஸை முன்மாதிரியாகக் காட்டும்போது அதன் செலவுக் கணக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கென்னடி வீதியும் ஸ்டீல்ஸும் சந்திக்கும் இடத்தில் 1997ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பசிபிக் மோல் என்ற பெரும் கடைத்தொகுதி இருக்கிறது. அது வடபக்கத்தில், அதாவது மார்க்கம் நகருக்குள் இருக்கிறது. அதன் ஆதனவரி மார்க்கத்துக்குப் போகிறது. அந்தக் கடைத்தொகுதிக்கு வரும் வாகனங்கள் தேய்க்கும் வீதியைப் பராமரிப்பதோ ரொறன்ரோவின் வரிப்பணம். வடக்கே புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி கொடுப்பவர் ஒருவர், அந்தக் குடியிருப்புகளின் காலை நெரிசலைத் தாங்குபவர் இன்னொருவர் என்றால், வீதியை அகலமாக்குவதில் பொறுப்பேற்றவருக்கு என்ன அக்கறை இருக்கும்?

ரொறன்ரோ பெரிய மாநகரம், அது தாங்கும். நம்முடைய சபைகளின் நிலை வேறு. சோலைவரியாகச் சேரும் பணம் ஊழியர் அலுவல்களுக்கும் குப்பை அள்ளவுமே பெரும்பாடாக இருக்கும் ஒரு பிரதேச சபையிடம், பக்கத்துச் சபையின் மக்களும் பயன்படுத்தும் வீதியை முழுதாக ஒப்படைத்தால், அது முதலில் கைவிடும் வீதி அந்த எல்லை வீதியாகத்தான் இருக்கும். அங்கே வாக்காளர்களில் பாதிப்பேர் அதன் வாக்காளர்கள் அல்லவே.

திரும்பி வந்தவள் எழுதியது:

பதினான்கு ஆண்டுகள் ஸ்டீல்ஸுக்கு வடக்கே, மார்க்கத்தில் குடியிருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள் நான். வீதி யாருடையது என்பதை விட, எல்லையைக் கடக்கும் மனிதருக்கு என்ன நடக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஸ்டீல்ஸ் நெடுகிலும் ரொறன்ரோவின் போக்குவரத்து நிறுவனமான ரீரீசியின் பஸ்கள் ஓடுகின்றன. கிழக்கே 53ஆம் இலக்க பஸ், மேற்கே 60ஆம் இலக்க பஸ். அவற்றில் ஏறி எல்லையோடு போவதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் மார்க்கம் வீதியால் வடக்கே போகும் ரீரீசி பஸ் ஸ்டீல்ஸைத் தாண்டினால், அதே இருக்கையில் அசையாமல் இருப்பவர் மார்க்கமும் வோனும் அடங்கிய யோர்க் பிராந்தியத்துக்கென இரண்டாவது கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. என் அம்மா அந்தக் காசை மிச்சம் பிடிப்பதற்காக ஸ்டீல்ஸில் இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்து வருவார். ஒருநாள் கையுறைக்குள் விரல் விறைத்துப் போய், கதவின் மணியை முழங்கையால் அழுத்திவிட்டு நின்றார். எல்லைக்கோட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்த முழங்கைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அந்த இரட்டைக் கட்டணம் 2024 பெப்ரவரி 26ஆம் திகதியோடு முடிந்தது. அதை முடித்துவைத்தது ரொறன்ரோவும் அல்ல, மார்க்கமும் அல்ல. ஒன்ராறியோ மாகாண அரசு, தன் பணத்தைப் போட்டு, ஒரே கட்டணத் திட்டத்தைக் கொண்டுவந்தபோதுதான் முடிந்தது. வீதி முழுவதும் ஒரே மாநகரத்தின் கையில் இருந்த அத்தனை ஆண்டுகளிலும் அந்தக் கட்டணம் இருந்தது என்பதைப் படலையடி ஐயா கவனிக்க வேண்டும். எல்லைச் சிக்கலை எல்லையின் இரு பக்கத்துக்கும் மேலே இருப்பவரே தீர்க்க முடியும். நம் ஊரிலும் எல்லை வீதிகளை மாகாணம் எடுத்துக்கொள்வதே சரி என்பது என் நிலைப்பாடு.

படலையடி எழுதியது:

தங்கையின் அம்மாவைப் பற்றி வாசித்து வருந்தினேன். இருந்தாலும் கட்டணம் வேறு, வாய்க்கால் வேறு. பஸ் கட்டணத்துக்கு இரண்டு நிறுவனங்கள் கணக்குப் பங்கிட்டுக்கொள்ளலாம். அடைபட்ட மதகை யார் திறப்பது என்ற கேள்விக்கு, ஒரு பெயர் மட்டுமே பதிலாக இருக்க முடியும்.

ஓவசியர் எழுதியது:

நான் வீதி வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். மூவரும் வீதி என்ற ஒரே சொல்லால் வெவ்வேறு பொருள்களைக் குறிப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. எஞ்சியவை மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு உரியவை. பலாலி வீதியால் யாழ்ப்பாண நகரிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறவர் மாநகர எல்லையைத் தாண்டி நல்லூர்ப் பிரதேச சபைக்குள் நுழைகிறார். தாரில் எந்த மாற்றமும் தெரியாது, ஏனெனில் தாருக்கு உரியவர் ஒருவரே. காங்கேசன்துறை வீதியால் கொக்குவிலுக்குப் போனாலும் அப்படித்தான். தாரை விட்டு வீதியின் ஓரத்தைப் பாருங்கள். வீதி விளக்கு, குப்பை, விளம்பரப் பலகை, கட்டட அனுமதி எல்லாம் எல்லையில் கைமாறுகின்றன. ஆகவே தங்கை சொல்வது போல மாகாணமோ அதற்கு மேலுள்ளவரோ எடுத்துக்கொண்ட வீதிகளிலும் படலையடி ஐயாவின் பிரச்சினை தீரவில்லை. பிரச்சினை ஓரத்தில் இருக்கிறது.

வாய்க்காலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் தட்டையான நிலம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறுகூட வலிகாமத்தில் பல சபைகளின் எல்லைகளைக் கடந்துதான் அராலிப் பக்கம் கடல்நீரேரியை அடைகிறது. இப்படிப்பட்ட தரையில் முந்நூறு அடிக்கு ஓரடிச் சரிவு கிடைப்பதே பெரிய காரியம். அந்தச் சரிவு எந்தப் பக்கம் விழுகிறது என்பதைக் குளமும் பள்ளமும் தீர்மானித்திருக்கின்றன. எல்லைக்கோட்டைக் கீறியவர்கள் அதைப் பார்த்துக் கீறவில்லை. இரண்டாவது காரணம், வீதி உயர்ந்துகொண்டே போவது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரும், பிறகு ‘காப்பற்’ எனப்படும் தார்க்கலவைப் படையும் போட்டால், ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று அங்குலம் ஏறும். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் ஒரு மதகின் வாய்க்குள் குனிந்து தலையை நுழைத்து அடைப்பைப் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெறும்போது அதே மதகின் வாய் ஒரு சாண்தான் வெளியே தெரிந்தது. அதற்குள் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்று குறுக்கே நின்றால் தண்ணீர் நின்றுவிடும். வீதியை விடத் தாழ்ந்துபோன படலைகள் இன்று எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே வாய்க்காலை எல்லைப்படி பிரிப்பதும் பிழை, முழுவதையும் ஒரு சபையிடம் கொடுத்துவிட்டு மற்றச் சபை கைகழுவுவதும் பிழை. தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறதோ அதுவரை ஒரே வேலையாகத் திட்டமிட வேண்டும்.

திரும்பி வந்தவள் எழுதியது:

ஓவசியர் ஐயா சொல்வதும் என் பக்கத்து வாதம்தான். அதுவரை ஒரே வேலையாகத் திட்டமிடுவதற்கு ஒரு மேல்நிலை அமைப்பு வேண்டும் அல்லவா? யங் வீதியும் ஸ்டீல்ஸும் சந்திக்கும் சந்தியில் நின்று பார்த்தால், தெற்கு மூலைகள் இரண்டும் ரொறன்ரோ, வடமேற்கு மூலை வோன், வடகிழக்கு மூலை மார்க்கம். ஒரு சந்தியில் மூன்று நகரங்கள், ஒவ்வொன்றும் தன் மூலையில் எழும் மாடிக் கட்டடங்களுக்குத் தனித்தனியே அனுமதி கொடுக்கின்றன. அந்தச் சந்திக்கு நிலக்கீழ் ரயிலைக் கொண்டுவரும் வேலையை மாகாணத்தின் நிறுவனமே கையில் எடுத்தது. மேற்கே, எல்லையை அண்டியே அமைந்த பயனியர் வில்லேஜ் நிலையத்தின் வழியாக 2017 டிசம்பரில் அந்த ரயில் வோன் நகருக்குள் போனபோதும், மாகாணமும் மத்திய அரசும் பணம் போட்டுத்தான் அது நடந்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தங்கை, ஒன்ராறியோவில் மாகாணத்தை நோக்கிக் கை நீட்டினால் எதிரே ஒரு சட்டசபை இருக்கிறது, அதற்கு வாக்களித்த மக்கள் இருக்கிறார்கள். நம் வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. திணைக்களங்கள் இயங்குகின்றன என்பது உண்மை. ஆனால் என் வீதியைப் பற்றிக் கேள்வி கேட்க நான் அனுப்பிய ஒருவர் அங்கே இல்லை. மறுபுறம் உள்ளூராட்சிச் சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. என் வட்டாரத்து உறுப்பினரின் வீட்டுக் கதவை நான் தட்ட முடியும். நமக்கு மிக அருகில் இருக்கும் மக்கள் பிரதிநிதித்துவத்தை விட்டுவிட்டு, இல்லாத சபையிடம் வீதியைக் கொடுப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

ஒன்று மட்டும் ஏற்கிறேன். எல்லைக்கு அப்பால் என்ன நடந்தாலும் எனக்கென்ன என்ற மனநிலை, ஓவசியர் ஐயா சொன்ன ஓரத்தைத்தான் முதலில் கெடுக்கிறது. யாழ்ப்பாண மாநகரத்தின் குப்பை எத்தனையோ ஆண்டுகளாக மாநகர எல்லைக்கு வெளியே கல்லுண்டாயில் கொட்டப்படுவதையும், அது தீப்பற்றும்போது புகையைச் சுவாசிப்பவர்கள் அந்த மாநகரத்தின் வாக்காளர்கள் அல்லர் என்பதையும் நாம் அனைவரும் அறிவோம். ஆகவே எல்லையில் உடன்படிக்கை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. உரிமையை மாற்றுவதில்தான் மறுப்பு.

திரும்பி வந்தவள் எழுதியது:

மாகாண சபை இல்லை என்பது மாகாணத்துக்கு எதிரான வாதம் ஆகாது. தேர்தலை நடத்து என்பதற்கான வாதம். சபைகளுக்கிடையிலான உடன்படிக்கை நான்கு ஆண்டுகளில் சபையோடு சேர்ந்து மாறிவிடும். அடுத்து வரும் தவிசாளர் முந்தியவரின் கையெழுத்தை மதிப்பார் என்பதற்கு என்ன உறுதி? இந்த இடத்தில் நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

படலையடி எழுதியது:

நான் மதில் முதல் மதில் வரை என்று எழுதியபோது வாய்க்கால் மதிலோடு நிற்பதில்லை என்பதை நினைக்கவில்லை. எங்கள் வீதித் தண்ணீர் இயல்பாகப் போகவேண்டிய குளம் எதிர்வீட்டு அம்மாவின் காணிக்குப் பின்னால், மற்றச் சபைக்குள் இருக்கிறது. வீதி முழுவதையும் என் சபையிடம் கொடுத்தாலும் அந்தக் குளம் வரை வாய்க்கால் வெட்ட அதற்கு உரிமை இல்லை என்பதை இப்போது விளங்கிக்கொள்கிறேன். ஆனால் பொறுப்பான பெயர் ஒன்று வேண்டும் என்ற என் கோரிக்கையை விடமாட்டேன். ஒரு சபை வேலையைச் செய்யட்டும், மற்றச் சபை செலவில் பங்கு கொடுக்கட்டும். அடைத்தால் யாரை அழைப்பது என்பது வாய்க்கால் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கட்டும்.

மாரி தொடங்குமுன் இரு பக்கத்து வீட்டுக்காரரும் கையெழுத்திட்ட ஒரே கடிதத்தை இரண்டு சபைகளுக்கும் கொடுக்க நினைக்கிறேன். ஓவசியர் ஐயா ஒருமுறை வந்து சரிவைப் பார்த்துச் சொன்னால் கடிதத்துக்குப் பலம் கிடைக்கும்.

ஓவசியர் எழுதியது:

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருகிறேன். நீர்மட்டக் குழாய் என்னிடம் இருக்கிறது. மறுமுனையைப் பிடிக்க ஒரு பிள்ளை வேண்டும். அந்தச் சீமெந்துச் சுவரிலிருந்து குளக்கரை வரை எவ்வளவு இறக்கம் என்று ஒரு மணித்தியாலத்தில் அளந்துவிடலாம். எதிர்வீட்டு அம்மாவிடம் காணிக்குள் இறங்குவதற்கு முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நானும் வருகிறேன். ஆனால் செலவுப் பங்கு எத்தனைக்கு எத்தனை என்று கடிதத்தில் எழுதாவிட்டால் என் கையெழுத்து அதில் இருக்காது. எந்தச் சபையின் பக்கமிருந்து எவ்வளவு நிலத்தின் தண்ணீர் வாய்க்காலுக்கு வருகிறதோ, அந்த விகிதத்தில் பங்கு இருக்கட்டும். குழாய் பிடிக்க என் மகனைக் கூட்டி வருகிறேன்.