நோட்பேட் குறிப்பை எச்டிஎம்எல் ஆக்கினால் எல்லாம் ஒட்டிக்கொள்கிறது, உதவி தேவை

மூணாறு_தலைப்பு:
அவசரம். எங்கள் பக்கத்து ஆறு, வாய்க்கால் விவரத்தை நோட்பேடில் வைத்திருக்கிறேன். ஆறு ஓரத்தில், கிளையாறு கொஞ்சம் உள்ளே, வாய்க்கால் இன்னும் உள்ளே. வலைப்பக்கத்துக்காக எச்டிஎம்எல் ஆக்கினால் ஒரே பத்தியாகிவிடுகிறது. நாளைக்குள் வேண்டும்.

நடவு_நெட்:
எதை வைத்து மாற்றினீர்கள்? உள்ளே தள்ளியது டேபா, ஸ்பேஸா?

கும்மோணம்_டிகிரி:
ஃபான்ட் கோளாறுதான். யுனிகோடு ஃபான்ட் போட்டுப் பாருங்கள்.

பழைய_கோடர்:
ஃபான்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஸ்பேஸ், டேப், என்டர் எத்தனை தொடர்ந்து வந்தாலும் பிரவுசர் ஒரே ஸ்பேஸாகச் சுருக்கிவிடும். அடிப்படைப் பாடம். தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை. இடைவெளியை அப்படியே காட்டும் பிரீ டேகுக்குள் போடுங்கள், முடிந்தது.

நடவு_நெட்:
முடியவில்லை அண்ணே. வெறும் பிரீ என்றால் நீள வரி மடங்காது, செல்போனில் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கணும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் வைட்-ஸ்பேஸுக்கு பிரீ-ராப் கொடுங்கள், இடைவெளியும் நிற்கும், வரியும் மடங்கும். டேப் என்றால் டேப்-சைஸ் 4 என்றும் சேருங்கள், இல்லாவிட்டால் 8 ஸ்பேஸ் அகலம் தள்ளும். அப்புறம், வலப்பக்கம் ஏக்கர் கணக்கை ஸ்பேஸ் தட்டி நேராக்கியிருந்தால் அது எப்படியும் கோணும். தமிழ் எழுத்து எல்லாம் ஒரே அகலமில்லை. அதற்கு டேபிள்தான்.

கும்மோணம்_டிகிரி:
ஒவ்வொரு ஸ்பேஸுக்கும் பதிலாக, சுருங்காத ஸ்பேஸான என்பிஎஸ்பி போட்டால் போதாதா?

பழைய_கோடர்:
போடுங்கள். பொங்கலுக்குள் முடித்துவிடலாம்.

மூணாறு_தலைப்பு:
டேப்தான். மாதிரி: கல்லணை காவிரி வெண்ணாறு கோரையாறு பாமணியாறு கொள்ளிடம்
இங்கேயும் ஒட்டிக்கொண்டது!

ரிட்டையர்டு_ஓவர்சியர்:
வெண்ணாற்றில் கொள்ளிடம் பிரிகிறதா? யார் சொன்னது?

நடவு_நெட்:
ஐயா, டேப் போய்விட்டதால் அப்படித் தெரிகிறது. கல்லணைக்குக் கீழேதான் போட்டிருப்பார்.

ரிட்டையர்டு_ஓவர்சியர்:
அதுவும் தப்பு. கொள்ளிடம் கல்லணைக்கு மேலே, முக்கொம்பிலேயே காவிரியிலிருந்து பிரிந்துவிடுகிறது. கல்லணைக் கால்வாயையும் காணோம். தஞ்சாவூரில் புது ஆறு என்பார்களே, மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டியது, அதுதான்.

கும்மோணம்_டிகிரி:
கல்லணையிலும் மிச்சத் தண்ணீரைக் கொள்ளிடத்தில்தானே விடுகிறார்கள்?

ரிட்டையர்டு_ஓவர்சியர்:
வெள்ளத்தை வடிய விடுவது வேறு தம்பி, ஆறு பிரிவது வேறு.

பழைய_கோடர்:
இது எச்டிஎம்எல் இழை.

மூணாறு_தலைப்பு:
பிரீ-ராப் போட்டதும் சரியாயிடுச்சு. நன்றி.

ரிட்டையர்டு_ஓவர்சியர்:
கொள்ளிடத்தை மாற்றினீர்களா?