குழந்தையும் தெய்வமும்: மஜின் பூவை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

திரியைத் தொடங்கியவர்

எங்கள் வீட்டில் இன்னும் ஓயாத சண்டை ஒன்று. 'டிராகன் பால் இஸட்' என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடரின் வில்லன்களில் யார் பெரிய கெட்டவன் என்று என் தம்பி பள்ளிக்கூட நாளிலேயே ரஃப் நோட்டில் பட்டியல் போட்டு வைத்திருந்தான். முதலில் பிரீசா, அடுத்து செல், கடைசியில் மஜின் பூ. கேட்டால், "பூ பாவம்டா, அது குழந்தை" என்பான். பிணக்கணக்கு பார்த்தால் இதைவிட அநியாயமான பட்டியல் கிடையாது. பூமியில் இருந்த ஜனங்களை ஏறக்குறைய மொத்தமாகக் கொன்றவன், அப்புறம் பூமியையே உடைத்தவன் பூதான்.

2024 மார்ச்சில், அந்தக் கதையை உருவாக்கிய அகிரா தொரியாமா இறந்த செய்தி வந்ததும் அண்ணன் தம்பி இரண்டு பேரும் உட்கார்ந்து பூ வரும் பகுதியை மறுபடி பார்த்தோம். 291 எபிசோடில் கடைசி எழுபது சொச்சம். ஐம்பது லட்சம் வருடத்துக்கு முன்னால் தெய்வங்களையே கொன்று தீர்த்த பூதம் என்று அவ்வளவு நேரம் பயமுறுத்திவிட்டு, அவனை அடைத்து வைத்திருந்த உருண்டையைத் திறந்தால் உள்ளே இருந்து வருவது ரோஸ் கலரில் கொழுகொழுவென்று ஒருவன். கைகாலை நீட்டி மடக்கி விளையாடுகிறான். முறைத்த தபுராவின் கண்ணில் இரண்டு விரலை விட்டு ஆட்டுகிறான். அப்புறம் அந்த அசுர ராஜாவையே பிஸ்கட்டாக்கித் தின்கிறான். நான் சிரித்துவிட்டேன். ஓர் ஊரையே மிட்டாயாக்கி விழுங்கும் இடத்திலும் பாதிச் சிரிப்பு உதட்டில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதுதான் உறுத்துகிறது.

நீங்கள் பூவை முதலில் எங்கே, எந்த வயதில் சந்தித்தீர்கள், அன்றைக்கு உங்கள் கண்ணுக்கு அவன் எவ்வளவு கெட்டவன், இப்போது எவ்வளவு? அதை எழுதுங்கள். யார் யாரை அடிப்பார்கள் என்ற பேச்சு வேண்டாம்.

பால்வாடி டீச்சர்

நான் இந்தத் தொடரை முழுசா பார்த்தவள் இல்ல. அக்கா பையன் போனில் ஒரு காட்சியைக் காட்டி, "சித்தி, இதை மட்டும் பாரு"ன்னான். நாய்க்குட்டி வர்ற இடம்.

பூவைக் கண்டா ஊரே ஓடும். இந்தக் குட்டி மட்டும் ஓடல. தன்னைப் பார்த்துப் பயப்படாத ஜீவன் ஒண்ணு இருக்கேன்னு அவனுக்கு ஒரே ஆச்சரியம். பக்கத்துல நிக்கிற சண்டைப் போட்டி சாம்பியன் மிஸ்டர் சாத்தான் எடுத்துச் சொல்றார்: அதுக்குக் கால் ஒடிஞ்சிருக்கு, ஓட முடியல, அவ்வளவுதான். பூ காலைச் சரி பண்றான். குட்டி இப்பவும் ஓடல, துள்ளி வந்து மூஞ்சியை நக்குது. அப்புறம்தான் சாத்தான் கேட்கிறார், ஏன் எல்லாரையும் கொல்றேன்னு. பதில் என்ன தெரியுமா? அவனை ஏவின மந்திரவாதிங்க பிபிடியும் பாபிடியும் அப்படித்தான் செய்யச் சொன்னாங்களாம். அது தப்புன்னு இவர் சொன்னதும், அப்ப இனிமே செய்ய மாட்டேங்கிறான். அவ்வளவு லேசா!

எங்க பால்வாடியில ஒரு பையன் கோழிக்குஞ்சை ஆசை ஆசையா இறுக்கிப் பிடிச்சான். குஞ்சு செத்துப்போச்சு. அவன் அதைத் தரையில வச்சு, "எந்திரி, எந்திரி"ன்னு தட்டிக்கிட்டே இருந்தான். அவனை யாராவது கெட்டவன்னு சொல்வீங்களா? மூணரை வயசு. பிடியோட பலம் எவ்வளவுன்னு அவனுக்கே தெரியாது. பூவுக்கும் அதே கதைதான், என்ன, பிடி கொஞ்சம் பெரிசு.

வெஜிட்டா கட்சி

டீச்சரம்மா, மன்னிக்கணும். நீங்க பார்த்தது ஒரே ஒரு பூ. நான் சொல்லப்போறது அடுத்த ஆளு.

ஹாஸ்டல்ல எட்டு பேர் ஒரு லேப்டாப்ல பார்த்தோம். குண்டு பூவுக்குள்ள இருந்த கெட்டது புகையா வெளிய வந்து, ஒல்லியா ஓர் உருவமா நின்னு, குண்டுப் பூவையே சாக்லேட்டாக்கித் தின்னு, பெரிய பூவா மாறுதே, அவன். கடவுளோட மேடைக்கு வந்து நிக்கிறான், சண்டைக்கு ஆளைக் கேட்டு. நேரத்தைக் கடத்தப் பார்த்த நல்லவங்க பக்கத்து வீரர் பிக்கொலோ, பூமியில இன்னும் நிறைய மனுஷங்க இருக்காங்களேன்னு வாயை விடுறார். பூ மேடை ஓரமா ஒரு சுத்து நடக்கிறான், கையைத் தூக்குறான், மழை மாதிரி வெளிச்சம் இறங்குது, உலகத்துல ஆளில்ல. ரெண்டு மூணு பேர்தான் தப்பிச்சாங்க. எட்டு பேர்ல ஒருத்தன்கூடப் பேசல.

அதுக்கப்புறம் மணல் கடிகாரத்தை வச்சு ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்றாங்க. ஒத்துக்கிறான். மகனைக் கொன்னவன்னு கதாநாயகன் கோகுவோட சம்சாரம் சிச்சி நேரா போய்க் கன்னத்துல ஒண்ணு வைக்குது. அந்தம்மாவை முட்டையாக்கி மிதிச்சிடுறான். கோபம்கூடப் படல. எறும்பை நசுக்குற மாதிரி. இதுக்கு எந்தப் பால்வாடியில இடம் குடுப்பீங்க?

ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன். கால அறைங்கிற தனி உலகத்துக்குள்ள இவனை வச்சுக் கதவை ஒடச்சுப் பூட்டினதும், இனிமே மிட்டாயே கிடைக்காதுன்னு தெரிஞ்சு கத்துறான் பாருங்க, கத்துன கத்துல ஆகாசமே ஓட்டையாகி வழி திறக்குது. கடையில பொம்மை வாங்கித் தரலன்னு தரையில புரளுற பிள்ளை, அதுவும் சாமி பலத்தோட! சிரிக்கிறதா ஓடுறதான்னு தெரியாம உக்காந்திருந்தோம்.

ஜப்பானிய மொழி மாணவி

எனக்குப் பூ அறிமுகமானது கதையால் இல்லை, சொல்லால். ஜப்பானிய வகுப்பில் 'முஜாக்கி' என்ற சொல் வந்தது. குழந்தைச் சிரிப்பைப் பற்றிப் பேசும்போது சகஜமாகப் பயன்படுத்துவார்கள். எழுத்தைப் பிரித்தால் 'மு' என்பது இல்லை, 'ஜாக்கி' என்பது தீய எண்ணம். கெட்ட எண்ணம் இல்லாதது, அதாவது கள்ளம் கபடமற்றது. உடன் படித்தவர் உடனே சொன்னார், குண்டு பூவுக்கு இந்தச் சொல் அப்படியே பொருந்தும் என்று. அன்றிரவே பார்க்கத் தொடங்கினேன்.

பூவின் உருவங்களை அங்கே பெயருக்குப் பின்னால் ஒரு சொல் வைத்துப் பிரிக்கிறார்கள். நாயோடு விளையாடும் குண்டனுக்கு 'நல்ல'. சிச்சியை மிதித்தவனுக்கு 'தீய'. வந்து நின்ற மாத்திரத்தில் ஓர் உறுமல், ஓர் உருண்டை, பூமி காலி என்று முடித்த, பெரிய பூ கடைசியாக மாறும் அந்தச் சின்னப் பூவுக்கு என்ன சொல் தெரியுமா? 'ஜுன்சுய்'. தூய, கலப்படமற்ற. 'தீய' என்ற முத்திரை நடுவில் வந்தவனுக்குப் போய்விட்டது, பூமியை உடைத்தவனுக்குக் கிடைக்கவில்லை. சின்னப் பூ பேசுவதே இல்லை, உறுமுவதும் மார்பில் அடித்துக்கொள்வதும்தான். வெள்ளத்தைக் கெட்டது என்று சொல்வோமா? அடித்துக்கொண்டு போனது என்றுதான் சொல்வோம்.

ஒரு துணுக்கு: பிபிடி, பாபிடி, பூ என்ற மூன்று பெயரும் டிஸ்னியின் 'சின்ட்ரெல்லா' படத்தில் தேவதை பாடும் மந்திரத்திலிருந்து எடுத்தவை. தமிழில் எழுதினால் இன்னும் மோசம், உலகத்தை அழிப்பவன் பெயர் பூ!

சட்டப் புத்தகம்

எனக்கு இவன் தேர்வு நேரத்து நண்பன். இந்திய தண்டனைச் சட்டம் 82, 83 பிரிவுகளை மனப்பாடம் செய்த ராத்திரிகளில் இடையிடையே பூ ஓடிக்கொண்டிருந்தான். 2024 ஜூலை 1 முதல் அவை பாரதிய நியாய சன்ஹிதாவில் 20, 21 ஆகிவிட்டன. நம்பரை மறந்து படிப்பதும் ஒரு படிப்புதான்.

சாரம் இது. ஏழு வயதுக்குள் இருக்கும் குழந்தை எதைச் செய்தாலும் குற்றமில்லை. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, தான் செய்வது என்ன, அதனால் என்ன விளையும் என்று எடைபோடும் அளவுக்குப் புத்தி முதிர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பூவுக்கு வயது ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று அரசுத் தரப்பு எழுந்து நிற்கும், அதை விடுங்கள். புத்தியைப் பார்ப்போம்.

குண்டு பூ: சொன்னதைச் செய்தான், தப்பு என்றதும் நிறுத்தினான். சின்னப் பூ: சொல்வது காதிலேயே ஏறாது. இருவரும் ஏழுக்குக் கீழே, விடுதலை. பெரிய பூ? கோகுவின் மகன் கோஹானிடம் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் தன்னையே வெடித்துக்கொண்டு மறைகிறான். கொஞ்ச நேரம் கழித்து வந்து இரண்டு பையன்கள் ஒன்றாக இணைந்த வீரனான கோட்டெங்க்ஸைச் சீண்டி வரவழைக்கிறான். தன் உடம்புத் துண்டுகளைப் பின்னால் ஒளித்து வைத்து, கோட்டெங்க்ஸையும் பிக்கொலோவையும் சுருட்டி விழுங்குகிறான். காத்திருந்து, கண்ணி வைத்து, பிடித்திருக்கிறான். இவன் விளையாட்டுப் பிள்ளை என்று எந்த வக்கீலும் வாதாட முடியாது. மூன்றில் கூண்டில் ஏற்ற வேண்டியவன் இவன் ஒருவனே என்பது என் கட்சி. கொன்ற எண்ணிக்கையில் வழக்கு நிற்காது. யோசித்துச் செய்தானா என்பதில்தான் நிற்கும்.

யாழ்ப்பாணத்துப் பெடியன்

நான் பூவை முதல் பாத்தது மாமா வீட்டிலை, சிடியிலை. எனக்குப் பூவிலை பயமே வரேல்லை. பயம் வந்தது அதுக்குப் பிறகு வந்த தொடர் 'டிராகன் பால் சூப்பர்'இலை ஸெனோவைப் பாத்த பிறகுதான்.

ஸெனோ எல்லாத்துக்கும் மேலான ராசா. ஆள் பாத்தால் சின்னப்பிள்ளை, குரலும் அப்பிடித்தான். முந்தி 18 பிரபஞ்சம் இருந்ததாம், கோவம் வந்த ஒருநாள் 6ஐ அழிச்சுப்போட்டாராம். பிறகு ஒரு போட்டி வைக்கினம், 8 பிரபஞ்சம், ஆளுக்குப் பத்துப் பேர். தோத்த பிரபஞ்சம் அப்பிடியே இல்லாமல் போகும். ஸெனோ கையை நீட்டிப் பொத்துவார், முடிஞ்சுது. முகத்திலை ஒரு கோவமும் இல்லை. கடைசியிலை 17ஆம் நம்பர் ஆண்ட்ராய்ட் கேட்ட வரத்தாலை எல்லாம் திரும்ப வந்தது எண்டது வேறை கதை.

நான் சொல்ல வந்தது இதுதான். பூவுக்கு ஒரு மிஸ்டர் சாத்தான் கிடைச்சார். பேரைப் பாருங்கோ, சாத்தான்! அந்தப் பேரோடை ஒருத்தர்தான் "வேண்டாம், அது பிழை" எண்டு சொன்னவர். ஸெனோவுக்கு அப்பிடிச் சொல்ல ஒருத்தரும் இல்லை. அழிவுத் தெய்வங்களே அவருக்கு முன்னாலை வேர்த்து விறுவிறுத்துக் குனிஞ்சுகொண்டு நிக்கினம். குழந்தையும் தெய்வமும் கொண்டாடின இடத்திலை எண்டு எங்கட அம்மம்மா சொல்லுவா. ரெண்டும் ஒரே ஆளாயிருந்தால், கொண்டாடுறதைத் தவிர வேறை வழியில்லையே! அந்தப் பிள்ளையை நான் பூவுக்கு மேலைதான் வைப்பன். ஆனால் பிள்ளையிலை பிழையோ, குனிஞ்சு நிக்கிற ஆக்களிலை பிழையோ எண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியேல்லை.

பால்வாடி டீச்சர்

நான் பார்த்தது ஒரே ஒரு பூன்னு வெஜிட்டா தம்பி சொன்னதுக்கப்புறம் அக்கா பையனை உட்கார வச்சு மிச்சத்தையும் பார்த்தேன். ஒரு விஷயம் யாருமே எழுதல. குண்டு பூ திருந்தின பிறகு, நல்லா வீடு கட்டி விளையாடிட்டு இருந்தவனுக்குள்ளருந்து கெட்டது ஏன் வெளிய வந்துச்சு? ஒருத்தன் துப்பாக்கியால அந்த நாய்க்குட்டியைச் சுட்டான். அதைப் பிழைக்க வச்சதும் சாத்தானையும் சுட்டான். உலகம் அழியப்போகுதுங்கிற சாக்குல ஊர்ல ஆளைச் சுட்டு விளையாடிட்டு இருந்த மனுஷன் அவன். மந்திரவாதி பெத்த பூதம் இல்ல, நல்லா வளர்ந்த ஆம்பளை. உங்க தம்பியோட நோட்டுல அவன் எத்தனாவது?

வெஜிட்டா கட்சி

டீச்சரம்மா ஒரே அடி.

இன்னொண்ணு. கடைசியில, வரம் குடுக்கிற போருங்கா டிராகன்கிட்ட வரம் கேட்கச் சொல்றதே எங்க ஆளு வெஜிட்டாதான். செத்த எல்லாரையும் எழுப்பு, ரொம்பக் கெட்டவங்களை மட்டும் விட்டுடுன்னு. அப்படின்னா யார் கெட்டவன்னு டிராகனே தீர்ப்பு சொல்லியாகணும். வெஜிட்டா தலைக்கு மேல இருந்த, செத்தவங்களுக்கான வளையம் மறையுது, உயிர் வருது. போட்டி நடந்த நாள்ல மைதானத்துல உக்காந்திருந்த ஜனங்களைக் கொன்னவர்! எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா நேர்மையா சொன்னா, அவரு யோசிச்சுத்தான் செஞ்சாரு. வக்கீல் சார் கணக்குல எங்க ஆளு கூண்டுல நிக்கணும்.

திரியைத் தொடங்கியவர்

டிராகனின் தீர்ப்பு என் ஞாபகத்திலேயே இல்லை, நன்றி. அதோடு கோகு கேட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பூவை முடிக்கும்போது, நல்லவனாகப் பிறந்து வா, மறுபடி மோதலாம் என்கிறார். எமலோகத்து எம்மா அதைக் கேட்டுக்கொள்கிறார். பத்து வருடம் கழித்து ஊப் வருகிறான், பெயர் பூவைத் திருப்பிப் போட்டது. கறுத்து மெலிந்த கிராமத்துப் பையன். ஊருக்குச் சாப்பாடு வாங்கப் பரிசுப் பணம் வேண்டும் என்று போட்டிக்கு வந்தவன், மேடையில் பயந்து கைகால் உதற நிற்கிறான். அவன் பலம் வெளியே வரவேண்டும் என்று கோகு வேண்டுமென்றே அசிங்கமாகத் திட்டுகிறார். அந்தக் காட்சியில் எனக்குக் கோகு மேல்தான் கோபம் வந்தது.

இந்தத் திரியை அப்படியே தம்பியிடம் காட்டினேன். மூன்று பூவையும் மூன்று வரியில் தனித்தனியாகப் போடச் சம்மதித்திருக்கிறான், பெரிய பூ செல்லுக்கு மேலே ஏறிவிட்டான். பிரீசா இன்னும் முதலிடம்தான், அதில் பேச்சுக்கே இடமில்லையாம். ஸெனோவை வில்லன் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. துப்பாக்கிக்காரனை எங்கே எழுதுவது என்று நேற்று ராத்திரி பதினொன்றரை வரை சண்டை, அம்மா வந்து விளக்கை அணைத்துவிட்டாள்.